கொல்லிமலையும் ஓர் அலுமினியக் குண்டானும்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு போன் செய்தபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். “ஹாஸ்டல் நினைவு மட்டும் வேண்டாம் சார், அது ஏற்கெனவே நிறைய வந்து குவிஞ்சிருக்கு” என்று. சரி, ஹாஸ்டலை விட்டுவிடுகிறேன். அதன் ஜன்னலை மட்டும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாம் மாடியில் கிழக்கே பார்த்த ஜன்னல். மழை பெய்து ஓய்ந்த காலை நேரத்தில் அதன் வழியே கொல்லிமலை முழுசாகத் தெரியும். மேலே கத்தியால் சீவிவிட்ட மாதிரி தட்டையான உச்சி.

நான் முதலாண்டு சேர்ந்தது 2008-இல். எங்களுக்கு வேதியியல் எடுத்த சார் ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு அந்த மலையைக் கையால் காட்டினார். “அடிவாரத்துல கருங்கல்லு. உச்சியில செம்மண்ணு. ஒரே மலைதானே, ஏன் இப்படி? இதுக்குப் பதில் சொல்றவனுக்கு இன்டர்னல் மார்க் முழுசா போடறேன்” என்றார். யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வகுப்பில் கொல்லிமலையைச் சேர்ந்த நண்பன் ஒருவன் இருந்தான். அவன் மட்டும் எழுந்து, “சார், அந்தச் செம்மண்ண லாரில ஏத்தி மேட்டூருக்குக் கொண்டு போவாங்க. எங்கப்பா அதுல லோடு ஏத்தற வேலை பாக்கறாரு” என்றான். சார் சிரிக்கவில்லை. “நீ பாதிப் பதில் சொல்லிட்டே, உட்காரு” என்றார்.

மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் இன்று உயர் அழுத்த மின்கம்பித் தடங்கள் அமைக்கும் வேலையில் இருக்கிறேன். கோபுரத்துக்குக் கோபுரம் நாங்கள் இழுத்துக் கட்டுவது அலுமினியக் கம்பி, நடுவில் பலத்துக்கு எஃகு இழை. ஆக, பல வருடமாக எனக்குச் சோறு போடுவது அந்தச் செம்மண்ணின் வம்சம்தான்.

முதலில் அணுவைப் பார்த்துவிடுவோம். பயப்பட வேண்டாம், பரீட்சை இல்லை. அலுமினிய அணுவில் 13 எலக்ட்ரான்கள். உள் வட்டத்தில் 2, அடுத்த வட்டத்தில் 8, வெளி வட்டத்தில் 3. இந்த வெளியிலுள்ள மூன்றுதான் கதாநாயகர்கள். மூன்றையும் யாரிடமாவது தள்ளிவிட்டால் அணுவுக்கு நிம்மதி. ஆக்சிஜன் அணுவோ இரண்டு எலக்ட்ரான் கிடைக்காதா என்று காத்திருக்கும் ஆசாமி. இரண்டு அலுமினியம் சேர்ந்து ஆறு கொடுக்கும், மூன்று ஆக்சிஜன் சேர்ந்து ஆறு வாங்கும். பத்துப் பொருத்தமும் சரியாக அமைந்த ஜாதகம். ஒருமுறை தாலி ஏறிவிட்டால் பிரிப்பது லேசில்லை. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அந்தச் சேர்மத்துக்குத்தான் அலுமினா என்று பெயர்.

இந்தப் பிணைப்பு எவ்வளவு அவசரக்காரப் பிணைப்பு என்றால், புதிதாக வெட்டிய அலுமினியம் காற்றுப் பட்ட மாத்திரத்தில் தன் மேல் அலுமினாத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல். ஆனால் அதைத் தாண்டி ஆக்சிஜன் உள்ளே போக முடியாது. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே அரித்துக்கொண்டே போகும். அலுமினியத்தின் ‘துரு’ அதற்கே கவசமாகிவிடுகிறது. நம் வீட்டு அலுமினியக் குண்டான் ஒரு தலைமுறை உழைப்பது இந்தத் தோலின் தயவில்தான்.

நம் பக்கத்தில் பலரும் அதை ‘ஈயக் குண்டான்’ என்றே சொல்கிறோம். உண்மையில் அதில் ஈயம் ஒரு குன்றிமணி அளவும் கிடையாது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். பழைய குழாய்களில் இருந்தது காரீயம். மூன்றும் மூன்று தனிமங்கள். பெயர் மட்டும் ஒரே வீட்டுக்காரர்கள் போல ஒட்டிக்கொண்டது.

“புளிக்குழம்பை அலுமினியத்துல வைக்காதே, சாம்பல் போட்டும் தேய்க்காதே, கறுத்துப் போயிடும்” என்று என் பாட்டி சொல்லுவார். பாட்டி கெமிஸ்ட்ரி படித்தவரில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அந்த அலுமினாத் தோல் புளி மாதிரி அமிலத்திலும் கரையும், சாம்பல் மாதிரி காரத்திலும் கரையும். பெரும்பாலான உலோக ஆக்சைடுகள் இப்படி இரண்டு பக்கமும் வளைந்து கொடுப்பதில்லை. பாட்டி குறையாகச் சொன்ன இந்தக் குணம்தான் பின்னால் ஒரு பெரிய தொழிற்சாலையின் முதல் படியாகப் போகிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தோலிடம் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். வேலையில் சேர்ந்த புதிது. ஓரிடத்தில் அலுமினிய கேபிளைச் செம்பு பட்டையோடு நேராகப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அந்த இணைப்பு சூடேறி, கறுத்து, ஒரு நாள் இரவு உருகியே போய்விட்டது. நல்ல வேளை, ஆள் சேதம் இல்லை. அனுபவசாலியான லைன்மேன் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க ரெண்டு தப்பு பண்ணிட்டீங்க. தோலைச் சுரண்டாம முடுக்கினது ஒண்ணு. செம்பையும் அலுமினியத்தையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சது ரெண்டு.”

அலுமினாத் தோல் மின்சாரம் கடத்தாது. ஆகவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடியும் காற்றுப் படுவதற்குள் அதற்கென்று உள்ள கிரீஸைத் தடவி முடுக்க வேண்டும். இரண்டாவது தப்பு அதைவிடப் பெரிசு. ஈரம் பட்டால் செம்பும் அலுமினியமும் சேர்ந்து ஒரு பேட்டரியாகிவிடும். எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கத் துடிக்கிற அலுமினியம்தான் அதில் கரையும். இதற்காகவே ஒரு முனை செம்பு, மறு முனை அலுமினியம் என்று பைமெட்டல் லக் கடையில் கிடைக்கிறது. நாலு வருஷம் படித்ததை ஒரு ராத்திரியில் திரும்பப் படித்தேன்.

இனி மலைக்குப் போவோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். வல்வில் ஓரி ஆண்ட மலை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாயகங்கை அருவி, சித்தர் குகைகள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சாரின் கேள்விக்கு வருகிறேன். ஏன் அடியில் கருங்கல், மேலே செம்மண்?

அந்தக் கருங்கல்லுக்குப் புவியியலாரிடம் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் வந்த பெயர் அது. கல்லறை வங்காளத்தில், கல்லோ நம்ம சென்னைப் பக்கத்தது! இந்தப் பாறையில் சிலிக்கா, அலுமினியம், இரும்பு, கால்சியம், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன.

இதன்மேல் லட்சக்கணக்கான வருடங்கள் மழை பெய்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, இலைதழை மக்கிய அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு பாறைக்குள் இறங்குகிறது. சோடியம், பொட்டாசியம் அணுக்கள் தலைக்கு ஒரு எலக்ட்ரான் கொடுப்பவை, பிடிப்பு குறைவு. முதலில் அவை நீரோடு போய்விடும். இரண்டு கொடுக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அடுத்துப் போகும். பிறகு மெல்ல மெல்லச் சிலிக்காவும் கரைந்து போகும். மூன்று எலக்ட்ரானைக் கொடுத்து ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர் மட்டும் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவர் இரும்பு, இன்னொருவர் அலுமினியம். சிவப்பு நிறம் இரும்பினுடையது. அலுமினியத்துக்கு நிறமே கிடையாது, அது இரும்பின் சட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. இந்தக் கூட்டுதான் பாக்சைட். பிரான்சில் லே போ என்ற ஊரருகே 1821-இல் பெர்த்தியே என்பவர் கண்டறிந்ததால் அந்த ஊரின் பெயரே அதற்கு வந்தது.

உச்சி தட்டையாக இருப்பதுதான் இங்கே முக்கியம். சரிவான இடத்தில் மழைநீர் மண்ணையே அடித்துக்கொண்டு ஓடிவிடும். தட்டையான இடத்தில்தான் நின்று, இறங்கி, பொறுமையாகக் கழுவும். சேர்வராயன் மலையிலும் இதே கதைதான். உச்சியில் ஒரு தொப்பி போல பாக்சைட். துளைகள் நிறைந்த அந்தத் தொப்பி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். மலைமேல் விவசாயம் பார்ப்பவர்களுக்கு அது உலோகக் கனிமம் அல்ல, தண்ணீர்த் தொட்டி.

சித்தர்கள் கொல்லிமலையில் ரசவாதம் செய்தார்கள், இரும்பைப் பொன்னாக்கினார்கள் என்று கதைகள் உண்டு. அடுப்புத் தீயும் மூலிகைச் சாறும் அணுவின் வெளி எலக்ட்ரான்களைத்தான் அசைக்கும், உட்கருவைத் தொடாது. இரும்பு எக்காலத்திலும் இரும்புதான். ஆனால் அதே மலையின் சிவந்த மண்ணிலிருந்து வெள்ளி மாதிரி மின்னும் உலோகம் வருகிறதே, அதைச் சித்தர்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அந்த ரசவாதம் மனிதனுக்குக் கைகூடியது சமீபத்தில்தான். படிகாரம் நமக்குப் பழங்காலத்திலிருந்தே தெரியும். சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதேதான். கலங்கிய தண்ணீரில் போட்டால் தெளியும். அதிலிருப்பதும் அலுமினியமே. நீரிலுள்ள களிமண் துகள்கள் எதிர்மின் சுமை கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்துகொண்டிருக்கும். மூன்று நேர்மின் சுமையோடு அலுமினிய அயனி வந்ததும் சண்டை ஓய்ந்து, திரண்டு, அடியில் படிந்துவிடும். ஆனால் படிகாரத்தைத் தெரிந்தவர்களுக்கு அதற்குள் இருக்கும் உலோகத்தைத் தெரியாது. 1825-இல் டென்மார்க்கில் அர்ஸ்டெட், 1827-இல் ஜெர்மனியில் வோலர், 1854-இல் பிரான்சில் தெவில் என்று ஒவ்வொருவராகப் போராடித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். ஆக்சிஜனைவிட லேசான பிணைப்புள்ள குளோரினோடு அலுமினியத்தைச் சேர்த்து, பிறகு அதைவிட அவசரக்காரனான சோடியத்தையோ பொட்டாசியத்தையோ ஏவி விட்டுப் பிரித்தார்கள். செலவு எக்கச்சக்கம். 1884-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைத்த சிறு கூம்பு அலுமினியத்தால் ஆனது. கிட்டத்தட்ட மூன்று கிலோ. அன்றைக்கு அது வெள்ளிக்கு இணையான மதிப்புள்ள அலங்காரம்.

இரண்டே வருடத்தில் எல்லாம் தலைகீழானது. இங்கே நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்குப் பிடித்த ஒரு ஆள் வருகிறார். ஓபர்லின் கல்லூரியில் 1885-இல் பட்டம் வாங்கிய சார்லஸ் மார்ட்டின் ஹால். வகுப்பில் அவருடைய பேராசிரியர் ஜூவெட், அலுமினியத்தை மலிவாகத் தயாரிப்பவன் பெரிய பணக்காரனாவான் என்கிற மாதிரி ஏதோ சொல்லப்போக, பையன் அதைப் பிடித்துக்கொண்டான். வீட்டு விறகுக் கொட்டகையில் சோதனை. வேதியியல் படித்த அக்கா ஜூலியா கூடவே துணை. 1886 பிப்ரவரியில் வெற்றி. அப்போது அவருக்கு வயது 22. அதே வருடம் பிரான்சில் எரூ என்ற இன்னொரு இளைஞர், ஒருவரையொருவர் தெரியாமலே, அதே முறையைக் கண்டுபிடித்தார். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. நம்பினால் நம்புங்கள். ஹால் தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைப் படித்த கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். (சங்கப் பொருளாளர் இந்த வரியைத் தடித்த எழுத்தில் அச்சிடச் சொன்னாலும் சொல்லுவார்.)

முறை இதுதான். அலுமினா தனியாக உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். கிரையோலைட் என்ற உப்பை உருக்கி அதில் அலுமினாவைக் கரைத்தால் 960 டிகிரி போதும். அதில் கார்பன் கம்பங்களை இறக்கி மின்சாரம் செலுத்த வேண்டும். அலுமினியம் அன்றைக்குக் கொடுத்த மூன்று எலக்ட்ரானையும் மின்சாரம் திருப்பிக் கொடுக்கிறது. உலோகம் அடியில் தேங்குகிறது. ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து கரியமில வாயுவாகப் போகிறது.

மூன்று எலக்ட்ரான்தானே, என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இருபத்தேழு கிராம் அலுமினியத்தில் எத்தனை அணு? ஆறு போட்டு அதன் பின்னால் இருபத்து மூன்று சைபர். ஒவ்வொன்றுக்கும் மூன்று. கணக்குப் போட்டால் ஒரு கிலோ உலோகத்துக்கு ஏறத்தாழ 2,980 ஆம்பியர்-மணி. 60,000 ஆம்பியர் ஓடும் தொட்டி ஒரு மணி நேரத்தில் சுமார் 20 கிலோதான் தரும். நாலரை வோல்ட், இழப்பு எல்லாம் சேர்த்தால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 15 யூனிட் மின்சாரம். நம் வீட்டில் 75 வாட் மின்விசிறி இரவு பகலாக எட்டு நாளுக்கு மேல் சுற்றினால் ஆகும் செலவு, ஒரு கிலோ குண்டானுக்குள் அடைபட்டிருக்கிறது.

அதனால்தான் உலகம் முழுக்க அலுமினிய ஆலைகள் கனிமம் இருக்கும் இடத்தைவிட, மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போயின. ஹாலின் கம்பெனியே 1895-இல் நயாகரா அருவிப் பக்கம் போய் ஆலை வைத்தது.

நம் நாட்டில் அலுமினியம் முதலில் பாத்திரமாகத்தான் காலடி வைத்தது. சென்னை பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் அன்றைய கலைப் பள்ளியில், 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை ஆரம்பித்து வைத்தார். உலோகம் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒரு பொறியியல் வாத்தியார் பாத்திரக் கடை வைத்தாரே என்று சிரிக்கக் கூடாது. பித்தளைப் பாத்திரம் வாங்க முடியாத வீடுகளுக்கு இது வரப்பிரசாதம் ஆயிற்று. உலோகத்தை இங்கேயே உருக்கி எடுக்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940-இல் ஓடத் தொடங்கிய பிறகு, 1943-இல் ஆலுவா அருகே நாட்டின் முதல் அலுமினிய உருக்காலை வந்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தபோது அது தேடிப்போன இடம் மேட்டூர். ஏன் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். 1934-இல் அணை முடிந்தது. 1937-இல் அணையடி மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 1936-இல் நிறுவப்பட்ட மேட்டூர் கெமிக்கல்ஸ் உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடா தயாரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மலைகளில் பாக்சைட். இந்தச் சூழலில் இத்தாலியின் மான்டிகத்தினி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, 1965-இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் செம்மண் இறங்கியது.

பாட்டி சொன்னதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? மலையிலிருந்து வந்த பாக்சைட்டைப் பொடியாக்கிச் சூடான காஸ்டிக் சோடாவில் போடுவார்கள். அலுமினா காரத்தில் கரையும், இரும்பு கரையாது. குண்டான் சாம்பலில் கறுத்த அதே வேதியியல்! இது 1888-இல் பேயர் என்ற ஆஸ்திரிய வேதியியலார் காப்புரிமை பெற்ற முறை. கரைந்ததை வடிகட்டி, ஆறவிட்டு, வறுத்தால் வெள்ளை மாவாக அலுமினா. நாலு டன் பாக்சைட்டில் இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் உலோகம் என்பது பொதுக்கணக்கு. கரையாத இரும்பு என்ன ஆகும்? காரம் ஊறிய செஞ்சேறாக வெளியே வரும். அதைக் கரை கட்டித் தேக்கி வைப்பதைத் தவிர இன்றுவரை பெரிய வழி ஒன்றும் பிறக்கவில்லை. நாங்கள் மூன்றாமாண்டு படிக்கும்போது, 2010 அக்டோபரில், ஹங்கேரியில் அய்கா என்ற ஊரில் அப்படி ஒரு கரை உடைந்து பத்துப் பேர் இறந்துபோனார்கள். செய்தித்தாளில் வந்த சிவந்த தெருவின் படத்தை என் நண்பன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கிருந்து வந்த சிவப்பு என்று எங்கள் அறையில் அவனுக்குத்தான் சட்டென்று புரிந்தது.

மேட்டூரில் ஆலைக்குப் பசி மின்சாரம். ஆண்டுக்கு 25,000 டன் எடுக்க நினைத்தால் இரவு பகலாக 43 மெகாவாட் வேண்டும். அணையடி நிலையத்தில் ஆரம்ப காலத்தில் வைத்தவை 10 மெகாவாட் இயந்திரங்கள்; நாலு இயந்திரமும் சேர்ந்து ஓடினாலும் போதாது. அதுவும் காவிரியில் தண்ணீர் வந்தால்தான். தொட்டியில் மின்சாரம் சில மணி நேரம் நின்றால் உருகியதெல்லாம் உறைந்து பாறையாகிவிடும். வறட்சியும் மின்வெட்டும் பழகிப்போன ஒரு மாநிலத்தில் இந்தத் தொழில் எப்படி மூச்சுத் திணறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1995-இல் ஆலை ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. பிறகு நிலக்கரியில் ஓடும் சொந்த மின் நிலையம் வந்தது. நயாகராவைத் தேடிப் போன தொழில் கடைசியில் கரி அடுப்பிடம் வந்து நின்றது.

2008. அந்த வருடம் ஜூலையில் டன்னுக்கு 3,000 டாலருக்கு மேல் இருந்த உலக அலுமினிய விலை, டிசம்பருக்குள் பாதியாகச் சரிந்தது. சுற்றுச்சூழல் அனுமதிப் பிரச்சினையில் மலைச் சுரங்கங்களின் வேலையும் நின்றது. அவ்வாண்டின் கடைசியில் மேட்டூர் உருக்காலை நிறுத்தப்பட்டது. உலை அணைந்த பிறகும் அந்த மின் நிலையம் சில ஆண்டுகள் ஓடியது. மின்சாரத்தை வெளியே விற்றார்கள். உலோகமாக்கி விற்பதைவிட எலக்ட்ரானை அப்படியே விற்பது லாபம் என்று கணக்கு சொல்லிவிட்டது!

இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. முதல் செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போன நண்பன் திரும்பி வரவில்லை. லாரி ஓடவில்லை, லோடு இல்லை, அப்பாவுக்குக் கூலி இல்லை. சார்தான் நாலைந்து பேரிடம் பணம் புரட்டி, எங்கள் இரண்டு பேரை மலைக்கு அனுப்பி அவனைக் கூட்டிவரச் சொன்னார். எழுபது வளைவும் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். செம்மேட்டிலிருந்து நடை. அவன் அம்மா கூரைக்கு வெளியே மூன்று கல் அடுப்பில் ஓர் அலுமினியக் குண்டானை இறக்கி, சாமைச் சோறும் கீரைக் குழம்பும் போட்டார். “எங்க வூட்டுக்காரரு மொத மொதல்ல லோடு ஏத்துன கூலியில வாங்குன குண்டான் இது கண்ணு” என்றார். நண்பன் எங்களோடு புறப்பட்டு வந்தான். அவன் அப்பா மரவள்ளிக்கும் மிளகுக்கும் திரும்பினார்.

நான் சுற்றுச்சூழல் பேசுகிறவர்களின் பக்கமா, தொழில் வேண்டும் என்பவர்களின் பக்கமா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல எனக்குக் கூச்சம். என் கையெழுத்தில் ஒரு வருடத்தில் தளத்துக்கு வரும் அலுமினியத்துக்கு எத்தனை லாரி செம்மண் போயிருக்கும்! செம்பில் அந்தத் தடத்தைக் கட்டியிருக்கலாமே என்றால், அலுமினியம் செம்பின் மூன்றில் ஒரு பங்கு கனம்தான். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் செம்பைப் போல இரு மடங்கு மின்சாரத்தைக் கடத்தும். அது இல்லாமல் கோபுரமும் இல்லை, கொல்லிமலைக்கு மின்விளக்கும் இல்லை. அதே சமயம், பல லட்சம் வருட மழை கழுவிச் சேர்த்து வைத்ததை ஒருமுறை அள்ளிவிட்டால் அடுத்த மழைக்கு அது வராது. நான் நண்பனிடம் ஒருமுறை தோண்டிய பள்ளங்களைப் பற்றி ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “குழியை மூடினாங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க. எங்கப்பன் வேலை போனப்ப யாருடா கேட்டீங்க?” என்றான். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒரு கணக்குத்தான். பழைய அலுமினியத்தை உருக்கினால் ஆக்சிஜனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மூன்று எலக்ட்ரானும் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. 660 டிகிரியில் உருகும், அவ்வளவுதான். புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு போதும். எட்டு நாள் ஓடிய மின்விசிறி ஒரு ராத்திரி ஓடினால் போதும். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு நம் தெருவில் வந்தாரே, அவரை நாம் யாரும் இன்ஜினியராக மதித்ததில்லை. ஒரு மலையின் உச்சியை ஒவ்வொரு கிலோவாகத் தள்ளுவண்டியில் காப்பாற்றிக்கொண்டு போனவர் அவர்.

போன ஆடியில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போயிருந்தேன். ஓரி விழாக் கூட்டம். நண்பன் இப்போது மின்சாரத் துறையில் நல்ல வேலையில் இருக்கிறான், வீடு காரை வீடாகியிருக்கிறது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் மினி ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியோடு வந்து நின்றது. பழைய பாத்திரம் கொடுத்தால் புதுப் பாத்திரத்துக்கு விலையில் கழித்துக்கொள்வார்களாம். நண்பனின் மனைவி உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்தார். கூடவே அடி சப்பையாகி, காது ஒன்று கழன்று, கரி ஏறிய அந்தக் குண்டானும் வந்தது. வியாபாரி தராசில் வைத்தார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல்.

நான் ஆர்வக்கோளாறில் மின்விசிறிக் கணக்கை ஆரம்பித்தேன். “அம்மா, இதைக் கொடுத்தீங்கன்னா...” என்று நான் முடிப்பதற்குள் நண்பனின் அம்மா எழுந்து போய்த் தராசிலிருந்து குண்டானை எடுத்துக்கொண்டார். வியாபாரி விலையை ஏற்றிப் பார்த்தார். மருமகள் ஏதோ சொல்லிப் பார்த்தார். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. அதைக் கொண்டுபோய்ப் பரணில் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்து எங்களுக்குக் காப்பி போட்டார்.